மூன்றாம் நாள் மாதிரி

புரோத்ராபூரில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டிற்குச் சற்றுத் தொலைவில், சாலையோரம் மீன் விற்கும் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். மணப்பாட்டுக்காரர். கடல்பாலூட்டிகளைத் தாக்கும் வைரஸ்களின் மரபணு வரிசையை நான் ஆய்வு செய்வதாக ஒருமுறை சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து என்னைக் காணும்போதெல்லாம் அவர் கேட்பது ஒன்றுதான்: “அந்த ஓங்கில் எதனால செத்துச்சுன்னு தெரிஞ்சுதாம்மா?”

சென்ற ஆண்டு மழைக்காலம் முடியும் தறுவாயில் ஓங்கில் ஒன்று கரையொதுங்கிய செய்தியை எனக்கு முதலில் சொன்னவரே அவர்தான். அது வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்ற உயிரினம். இறந்தபின்னும் அனுமதியின்றி அதன்மீது கத்தி வைக்கலாகாது. தேவையான விதிதான், மறுக்கவில்லை. ஆனால் கடிதம் என் கைக்கு வந்தது மூன்றாம் நாள் மாலை. தோல் உரிந்து, வயிறு ஊதிக் கிடந்த உடலிலிருந்து நுரையீரல், மண்ணீரல், நிணநீர்க் கணு ஆகியவற்றில் சிறு துண்டுகளை எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்தேன்.

நான் தேடியது மார்பிலிவைரஸை. நம் குழந்தைகளுக்குத் தட்டம்மை தரும் வைரஸின் நெருங்கிய உறவு அது. அதன் மரபுச்செய்தி முழுவதும் ஏறத்தாழ 15,700 எழுத்துகள் கொண்ட ஒற்றை ஆர்.என்.ஏ. இழை. உயிர் பிரிந்ததும் திசுக்களின் நொதிகளும் பாக்டீரியாக்களும் அவ்விழையை நறுக்கத் தொடங்கிவிடுகின்றன. வெப்பம் அதனை விரைவுபடுத்துகிறது.

ஆயினும் எனக்கு நம்பிக்கை தர ஒரு முன்கதை இருந்தது. 1987–88இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் 740க்கும் மேற்பட்ட ஓங்கில்கள் மடிந்தன. கடற்பாசி நஞ்சே காரணம் என்று முதலில் எழுதப்பட்டது. சில ஆண்டுகள் கழித்து, சேமித்து வைத்திருந்த திசுக்களை மீண்டும் ஆராய்ந்தபோதுதான் மார்பிலிவைரஸ் வெளிப்பட்டது. ஏமி கிராஃப்ட், ஜெஃப்ரி டாபன்பர்கர் ஆகியோர் அழுகிய திசுவிலும் எஞ்சியிருக்கும் குறுந்துண்டுகளைப் பிடிக்குமாறு பி.சி.ஆர். முறையைச் செம்மைப்படுத்தினர். அந்தக் கைப்பழக்கத்தோடுதான் டாபன்பர்கர் குழு 1918ஆம் ஆண்டு இன்ஃபுளுயன்சா வைரஸின் மரபணுத் துண்டுகளை 1997இல் வாசித்துக் காட்டியது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் அதிகமானோரைக் கொன்ற காய்ச்சல் அது!

நானும் குறுந்துண்டுகளையே தேடினேன். வைரஸ் வரவில்லை. மாதிரி நல்ல நிலையில் உள்ளதா என்றறிய ஓங்கிலின் சொந்த மரபணு ஒன்றையும் உடன் தேடுவது வழக்கம். அதுவும் வரவில்லை. விலங்கின் ஆர்.என்.ஏ.வே எஞ்சாத திசுவில் வைரஸ் இல்லை என்று எப்படிச் சொல்வது?

அட்டவணையில் ‘வைரஸ் இல்லை’ என்று எழுதினால் பார்வைக்கு நன்றாயிருக்கும் என்றார் மூத்த ஆய்வாளர் ஒருவர். எழுதியும் விட்டேன், வெட்கத்தோடுதான் ஒப்புக்கொள்கிறேன். அன்றிரவு உறக்கம் பிடிக்கவில்லை. 2012இல் வட அந்தமானின் எலிசபெத் விரிகுடாவில் ஏறத்தாழ 40 குறுந்துடுப்புத் திமிங்கலங்கள் ஒதுங்கி மடிந்தன. இன்னொரு கூட்டம் என்றேனும் ஒதுங்கும்போது, என் அட்டவணையைப் புரட்டும் ஒருவர் இக்கடலில் அந்த நோய் தேடப்பட்டது, இல்லை என்று கொள்வார் அல்லவா? மறுநாள் அதை அழித்து, ‘முடிவு கூற இயலாத மாதிரி’ என்று திருத்தினேன். ஆய்வேட்டில் ஒரு வரிசை பயனற்றுப் போயிற்று.

அண்ணாச்சியிடமும் அதையே சொன்னேன். அவர் 2016 ஜனவரியை நினைவுகூர்ந்தார். மணப்பாட்டுக் கரையில் எண்பதுக்கும் மேற்பட்ட திமிங்கலங்கள் ஒதுங்க, அவருடைய உறவினர்கள் இழுத்துக் கடலில் விட்டவற்றுள் சில மீண்டும் கரைக்கே திரும்பினவாம். பேசிக்கொண்டே தம் பெட்டியிலிருந்த மீன்மீது ஐஸை அள்ளிப் பரப்பியவர், சற்று நிறுத்திக் கேட்டார்:

“வெட்டத்தானம்மா கடிதாசி வேணும்? மேல ஐஸ் கொட்டி வைக்கவுமா வேணும்?”

இதை எவரும் எனக்குச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. திங்கட்கிழமை விண்ணப்பம் எழுதுகிறேன்.