விறகும் வெந்நீரும்

நுழையும்முன்

விசையைத் தட்டியதும் வெந்நீர் வரும் காலம் இது. அந்த வெப்பம் எங்கிருந்து வருகிறது, எவர் உழைப்பால் வருகிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. விறகெரித்து வெந்நீர் காய்ச்சும் ஒரு குமரி மாவட்ட வீட்டின் வாழ்வைக் கூறுவதன் வழியே இக்கட்டுரை அவ்வினாக்களை எழுப்புகிறது.

மழையும் அடுப்பும்

குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் உள்ளது மார்த்தாண்டம். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டும் நனைக்கும் மண் இது. அறையைச் சூடேற்ற வேண்டிய அளவுக்கு இங்குக் குளிர் இல்லை. எனினும், 'இடவப்பாதி' என்று முதியோர் சொல்லும் மழை தொடங்கிவிட்டால் வெயிலின் முகத்தைப் பல நாள்கள் காண இயலாது. கொடியில் இட்ட துணி ஈரம் மாறாமல் தொங்கும். தொட்டி நீரைத் தொட்டால் உடல் சிலிர்க்கும். அத்தகைய நாள்களில் எங்கள் வீட்டார் அனைவரும் விரும்பி வந்து நிற்கும் இடம், வீட்டின் பின்புறச் சாய்ப்பில் இருக்கும் வெந்நீர் அடுப்பு.

அடுப்பு என்று சொன்னாலும் அது ஒரு செம்புப் பாய்லர். இடுப்பளவு உயரமுள்ள உருளை. அதன் நடுவே, மேலும் கீழும் திறந்த குழாய் ஒன்று உண்டு. குழாய்க்குள் நெருப்பு, குழாயைச் சுற்றி நீர். நீருக்கு நடுவில் நெருப்பு இருப்பதால் வெப்பத்தின் பெரும்பகுதி நீரையே சென்று சேர்கிறது. அடியிலுள்ள கம்பித்தட்டின் வழியே சாம்பல் கீழே உதிரும். காற்று மேலே ஏறும். தேநீர்க் கடைகளில் நாம் கண்ட பாய்லர்களும் இம்முறையில் அமைந்தவையே. இதற்கு ஒரு விதி உண்டு. நீர் நிரப்பாமல் தீ மூட்டலாகாது. மூட்டினால், பற்றவைத்த இடங்கள் இளகி ஒழுகத் தொடங்கும்.

தீ மூட்டுவதில் என் பாட்டிக்கென ஒரு வரிசைமுறை இருந்தது. முதலில் சில்லாட்டை, தென்னை மட்டையின் அடியில் வலைபோல் படர்ந்திருக்கும் நார் அது. அடுத்துக் கொதும்பு, தென்னம்பாளையின் உலர்ந்த மடல். அதன்மேல் சிரட்டை. சிரட்டை கனன்ற பிறகே விறகு. ஒரு தீக்குச்சிக்குமேல் அவர் செலவழித்து நான் கண்டதில்லை.

விறகின் பேச்சு

எங்கள் ஊரில் விறகு என்றால் பெரும்பாலும் ரப்பர் மரமே. இருபது முப்பது ஆண்டுகள் பால் தந்து ஓய்ந்த மரங்களை வெட்டும்போது, பருத்த தடிகள் ஆலைக்குப் போகும். கிளைகள் வீடுகளுக்கு வரும். அமேசான் காட்டு மரமான இதன் விதைகளை 1876ஆம் ஆண்டு ஹென்றி விக்காம் இலண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்தில் சேர்த்தார். அங்கு முளைத்த கன்றுகள் ஆசிய நாடுகளுக்குப் பயணப்பட்டன. எங்கோ பிறந்த ஒரு மரம் எங்கள் வீட்டு வெந்நீராக மாறியதன் பின்னே இத்தனை நீண்ட வரலாறு இருக்கிறது.

மாசி, பங்குனி மாதங்களில் அப்பா விறகு கீறுவார், நான் அடுக்குவேன். கறையான் ஏறாதவாறு கல்வரிசைமேல் அடுக்க வேண்டும். காற்று நுழைய இடைவெளி விட வேண்டும். மழைநீர் வழிந்தோடப் பட்டை மேல்நோக்கி இருக்க வேண்டும். "மக்களே, ரெண்டு விறகையும் தட்டிப் பாரு. ஒணங்கின விறகு கணீருன்னு பேசும், பச்சை விறகு முனங்கும்" என்பார் பாட்டி. 'உணங்குதல்' என்னும் பழந்தமிழ்ச் சொல் எங்கள் வீட்டில் விறகடுக்கில் வாழ்ந்துகொண்டிருந்தது.

பாட்டியின் செவியறிவுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருப்பதைப் பின்னாளில் இயற்பியல் வகுப்பில் அறிந்தேன். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி நீராக இருக்கக்கூடும். ஈரவிறகை எரித்தால், நெருப்பு முதலில் அந்த நீரை ஆவியாக்கியாக வேண்டும். ஒரு கிலோ நீரைக் கொதிக்கவைத்து முழுவதும் ஆவியாக்க ஏறத்தாழ 2500 கிலோஜூல் வெப்பம் தேவை. 15 லிட்டர் நீரைக் குளிக்கும் சூட்டுக்குக் கொண்டுவர அதில் பாதிகூட வேண்டியதில்லை. இரண்டு வாளி வெந்நீருக்குரிய வெப்பத்தை, விறகினுள் ஒளிந்திருக்கும் ஒரு கிலோ ஈரம் குடித்துவிடுகிறது. எஞ்சுவது கண்ணைக் கரிக்கும் புகை.

குளிர்நாட்டில் ஓர் இரவு

கனலைத் தேடிச் சேர்வது மனித இயல்பு. நக்கீரர் இயற்றிய நெடுநல்வாடை, கூதிர்காலத்தில் மக்கள் தீக்காயும் காட்சிகளைக் காட்டுகிறது. நெருப்பிடும் சட்டிக்குத் 'தடவு' என்ற பெயரும் அந்நூலில் உண்டு. நீலகிரியின் பழைய வீடுகளில் சுவரோடு கட்டிய கணப்புகளை இன்றும் காணலாம்.

குளிர் மிகுந்த நார்வே நாட்டில் விறகு வாழ்வோடு கலந்த பொருள். லார்ஸ் மிட்டிங் என்னும் எழுத்தாளர் விறகு வெட்டுதல், அடுக்குதல், உலர்த்துதல் ஆகியவற்றைப் பற்றி எழுதிய நூல் 2011இல் வெளிவந்து பெரும் வரவேற்பைப் பெற்றது. 2013இல் அந்நாட்டின் பொதுத் தொலைக்காட்சி, விறகைப் பற்றி 12 மணி நேர நிகழ்ச்சி ஒன்றை ஒளிபரப்பியது. அதன் பெரும்பகுதியில் திரையில் எரிந்தது ஓர் அடுப்பின் நெருப்பு மட்டுமே. அப்போது நேயர்களிடையே எழுந்த பெரிய வழக்கு எது தெரியுமா? அடுக்கும்போது விறகின் பட்டை மேல்நோக்கி இருக்க வேண்டுமா, கீழ்நோக்கி இருக்க வேண்டுமா என்பதுதான்! பாட்டியைக் கேட்டிருந்தால் ஒரு சொல்லில் தீர்ப்பு வழங்கியிருப்பார்.

புகையின் விலை

நெருப்பின் இன்பத்தைப் பேசுவோர் புகையை மறைத்தல் அறமாகாது. வெந்நீர் அடுப்பு இருந்த சாய்ப்பு மூன்று பக்கமும் திறந்தது. சோறாக்கும் அடுக்களையோ நான்கு சுவர்களும் ஒரு சிறு சன்னலும் கொண்டது. அங்கே கூரையோடுகள் கரியேறிக் கிடந்தன. அம்மாவின் கண்கள் எப்போதும் சிவந்திருந்தன. மழைக்காலத்தில் அவரது இருமல் இரவிலும் ஓயாது. வீட்டுக்குள் சூழும் அடுப்புப் புகை முதலியவற்றால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்திருக்கலாம் என உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவ்வெண்ணைப் படித்தபோது என் செவியில் ஒலித்தது அந்த இருமல்.

எரிவாயு அடுப்பு வாங்கும் பேச்சு எழுந்தபோது, விறகடுப்புச் சோற்றின் மணம் வராது என்று பாட்டி தயங்கினார். அம்மா குரலை உயர்த்தவில்லை. "மாமி, குளிக்கிற வெந்நிக்கு வெளிய தீ எரியட்டும். சோறு பொங்குறது இனி கேஸ்லதான். என் நெஞ்சு இதுக்குமேல தாங்காது" என்றார். பாட்டி நெடுநேரம் பேசாதிருந்து, பிறகு தலையசைத்தார். அடுத்த மாதமே அடுக்களையில் எரிவாயு அடுப்பு வந்தது. வெந்நீர் அடுப்புக்கு உயரமான புகைபோக்கி ஒன்றைப் பொருத்தினோம். தீ மூட்டுதலும் சாம்பல் அள்ளுதலும் ஆண், பெண் வேறுபாடின்றி அனைவரின் முறைவேலை ஆயின.

அளவறிந்த வெப்பம்

இன்று எங்கள் ஊரிலும் மின்வெந்நீர்க் கலன் இல்லாத வீடுகள் குறைவு. எங்கள் செம்புப் பாய்லர் மட்டும் ஓய்வு பெறவில்லை. ஒருவர் குளிக்க எத்தனை சிரட்டை வேண்டும், எத்தனை விறகுத்துண்டு வேண்டும் என்பதை எங்கள் வீட்டுச் சிறுவர்களும் அறிவர். அதனால் அவர்கள் ஒரு குவளை வெந்நீரையும் வீணாக்குவதில்லை. சாம்பல் தென்னையின் அடிக்குப் போகிறது. அத்தென்னையே மீண்டும் கொதும்பும் சிரட்டையும் தருகிறது.

வெந்நீரின் சுகம் எல்லா அடுப்பிலும் ஒன்றுதான். விறகடுப்பு கூடுதலாகத் தருவது அறிவை. இந்த வெப்பம் எந்த மரத்தினுடையது, எந்தக் கோடையில் உலர்ந்தது, எவர் கை அடுக்கியது என்பதை அறிந்து குளிப்பவருக்கு ஒவ்வொரு வாளியும் அருமையுடையது. அந்த அறிவோடு இன்னொன்றும் சேர வேண்டும்: நாம் காயும் தீயின் புகை, பிறர் நெஞ்சில் தங்கலாகாது. உழைப்பும் கனலும் எல்லார்க்கும் பங்காகும் வீட்டில் மட்டுமே அடுப்பின் இன்பம் குறைவற்றதாகும்.