வாங்கிய நூல் யாருக்குச் சொந்தம்?

விலை கொடுத்து வாங்கிய நூலைக் கடைக்காரரே வந்து நம் அலமாரியிலிருந்து எடுத்துச் செல்வாரா? 2009 ஜூலையில் அமெரிக்காவில் ஏறக்குறைய அப்படித்தான் நடந்தது. ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’, ‘விலங்குப் பண்ணை’ ஆகிய நூல்களின் சில மின்பிரதிகளை அமேசான் நிறுவனம், வாசகர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தே அழித்துவிட்டது. பதிப்புரிமை பெறாதவர் வெளியிட்ட பிரதிகளாம். பணத்தைத் திருப்பித் தந்தார்கள். (அரசுக்குப் பிடிக்காத தாள்களைச் சாம்பலாக்கும் கதையல்லவா ‘1984’!)

ஆனால், மிச்சிகனில் ஒரு மாணவர் பள்ளிப் பாடத்திற்காக எழுதிவைத்த குறிப்புகள், எந்த வரிக்கு உரியவை என்றே விளங்காமல் அநாதையாயின. அந்த உழைப்புக்கு என்ன விலை? அவர் வழக்குத் தொடுத்தார். நிறுவனத் தலைவர் ஜெஃப் பெசோஸ் மன்னிப்புக் கேட்டார். நீதிமன்ற ஆணை போன்ற சில காரணங்களுக்கன்றி இனி அழிப்பதில்லை என நிறுவனம் சமரசத்தில் ஒப்புக்கொண்டது.

எனக்கு மனம் ஆறவில்லை. அழிக்கும் சாவி இன்னும் அவர்களிடந்தானே? 2025 பிப்ரவரியில், வாங்கிய நூலைக் கணினியில் இறக்கிக் கம்பிவழி கருவிக்கு மாற்றும் வசதியையும் நீக்கினார்கள்.

என் பாட்டியாரின் பாரதியார் கவிதைத் தொகுப்பில் அவர் பென்சிலால் இட்ட கோடுகள் இன்றும் உள்ளன. அட்டை கிழிந்த அந்நூலை இவ்வாண்டு மூன்று தோழியர் இரவல் வாங்கினர். மூன்றாமவள் இன்னும் திருப்பித் தரவில்லை.