பாட்டாவின் மூன்று கேள்விகள்

பாறசாலையை அறியாத நண்பர்கள் நம்மிடையே பலர் இருக்கலாம். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் சாலையில், நெய்யாற்றின்கரையைத் தாண்டி, களியக்காவிளையை எட்டுவதற்குச் சற்று முன்னால் இருக்கிறது அது. களியக்காவிளை தமிழ்நாடு, பாறசாலை கேரளம். 1956 நவம்பர் முதல் நாள் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் இணையவில்லை. அன்று என் பாட்டாவுக்கு எட்டு வயது. அவருடைய அக்காள் வாழ்க்கைப்பட்ட வீடு அந்தப் பக்கம் போயிற்று. அவர் இந்தப் பக்கம் நின்றுவிட்டார். தமிழ் எழுத்து ஒன்றைத்தான் அவர் அறிவார். நானோ மலையாளத்தில் படித்து வளர்ந்தவன். தமிழ் எழுத்தை அவர் மடியில் அமர்ந்து கற்றேன்.

சென்ற பருவத்தில் எங்கள் வகுப்பில் ஒரு பயிற்சி வைத்தார்கள். இயற்கை வாயுவால் இயங்கும் மின் நிலையம் ஒன்று ஓர் ஊரில் வரப்போவதாக எண்ணிக்கொண்டு, அதற்குரிய பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தை வகுப்பிலேயே நடத்திக் காட்ட வேண்டும். சீட்டுக் குலுக்கியதில் என் ஊர் வந்தது. நிறுவனத்தின் சார்பில் பேசும் வேடமும் எனக்கே கிடைத்தது. மகிழ்ச்சிக்குக் கேட்க வேண்டுமா? இரவு பகலாக உட்கார்ந்து அறிக்கை எழுதினேன். விடுமுறைக்கு ஊர் சென்றபோது அதைப் பாட்டாவிடம் பெருமையோடு விளக்கினேன்.

வாயுவை எரித்து ஒரு சுழலியைச் சுற்றுவார்கள்; அதிலிருந்து வெளியேறும் வெப்பத்தையும் வீணாக்காமல் நீரை ஆவியாக்கி இன்னொரு சுழலியைச் சுற்றுவார்கள்; நிலக்கரியைப் போலச் சாம்பல் மலை குவியாது; வெளிவரும் கரியமில வாயுவும் நிலக்கரியில் ஏறத்தாழப் பாதிதான் என்றெல்லாம் சொன்னேன். காயங்குளத்தில் அத்தகைய நிலையம் ஒன்று 1990-களின் இறுதியில் நாஃப்தாவைக் கொண்டு தொடங்கியதையும், எரிபொருள் விலை ஏறியதால் அது முடங்கியதையும்கூட மறைக்காமல் சொன்னேன்.

பாட்டா வெற்றிலையை மென்றபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மூன்றே கேள்விகள் கேட்டார்.

"ஆவிய ஆற வைக்கதுக்குத் தண்ணி எங்க இருந்து எடுப்ப மக்களே?"

நெய்யாறு என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். நெய்யாற்றின் இடதுகரைக் கால்வாய் வழியே விளவங்கோட்டு வயல்களுக்குப் போய்க்கொண்டிருந்த நீர் 2004-ஆம் ஆண்டிலிருந்து நின்றுபோனது. பாட்டாவின் அக்காள் மக்கள் நெல்லை விட்டு வாழைக்கும் ரப்பருக்கும் மாறிய கதை எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். வயலுக்கு இல்லாத நீரைச் சுழலிக்குத் தருவதாக நான் எழுதி வைத்திருந்தேன்.

"காத்துக்கு செக்போஸ்ட் உண்டா? களியக்காவிளைக்காரன்கிட்டயும் கேப்பாவளா?"

இதற்கும் விடை இல்லை.

"சரி, நான் வந்தா என்ன பாஷையில பேசணும்?"

இந்தக் கேள்விதான் என்னைச் சுட்டது. காரணம் உண்டு.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, ஒரு நிலப் பிரச்சினைக்காகக் கூட்டப்பட்ட கூட்டம் ஒன்றுக்குப் பாட்டா என்னையும் அழைத்துச் சென்றார். தம் முறை வந்ததும் எழுந்து தமிழில் பேசத் தொடங்கினார். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "மலையாளத்தில் பறயூ" என்று ஒரு குரல் வந்தது. பாட்டா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் பேச்சை மலையாளத்தில் எடுத்துச் சொல்ல என்னால் முடியும். பள்ளித் தோழர்கள் இரண்டு பேர் அங்கே இருந்தார்கள். அவர்கள் முன்னால் தமிழனாக நிற்க வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். பாட்டா துண்டை உதறித் தோளில் போட்டு உட்கார்ந்துவிட்டார். வீடு திரும்பும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றுவரையும் பேசவில்லை.

விடுமுறை முடிந்து வந்ததும் விதிகளைத் தேடிப் படித்தேன். இந்தியாவில் இத்தகைய திட்டங்களுக்கு மக்களைக் கேட்க வேண்டும் என்ற கட்டாயமே 1997-இல்தான் வந்தது. நமக்கு அண்மையிலுள்ள கூடங்குளத்தின் முதலிரண்டு அணு உலைகளுக்கு 1989-இலேயே சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்துவிட்டதால், அவற்றுக்கு அந்தக் கூட்டம் நடக்கவே இல்லை. இன்று நடைமுறையில் உள்ளது 2006-ஆம் ஆண்டு அறிவிக்கை. கூட்டத்துக்கு முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும். அறிக்கையின் சுருக்கம் ஆங்கிலத்திலும், மாநில ஆட்சி மொழியிலோ வட்டார மொழியிலோ இருக்க வேண்டும். கூட்டத்தின் முடிவில் நடவடிக்கைச் சுருக்கத்தை மக்களுக்குப் புரியும் வட்டார மொழியில் படித்துக் காட்ட வேண்டும். நல்ல விதிகள்தாம். ஆனால் எல்லைக் கிராமத்தில் வட்டார மொழி எது? பாட்டாவின் மொழியா, பஞ்சாயத்துப் பலகையின் மொழியா?

இரண்டாவது கேள்விக்கும் விடை கிடைத்தது. அது மகிழ்ச்சி தரும் விடையன்று. திட்டத்தின் நிலம் இரண்டு மாநிலங்களில் பரந்திருந்தால் இரண்டிலும் கூட்டம் நடத்த வேண்டும். நிலம் ஒரு மாநிலத்திலும் புகை இரண்டு மாநிலங்களிலும் இருந்தால்? அப்பாலுள்ளவர்கள் எழுத்து மூலம் கருத்து அனுப்பலாம், அவ்வளவே.

ஆறுதலும் இல்லாமல் இல்லை. 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சி மொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களின் அலுவலகங்களுக்கும் தமிழிலேயே எழுதலாம் என்கிறது. மறுமொழியும் தமிழில் வர வேண்டும். 2020-இல் நடுவணரசு புதிய அறிவிக்கையின் வரைவை வெளியிட்டபோது, அதை அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் பெயர்க்க வேண்டும் என்று அவ்வாண்டு ஜூன் 30 அன்று டில்லி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. புரியாத மொழியில் கேட்பது கேட்பதாகாது என்பதை நான் உணர ஒரு நீதிமன்றத் தீர்ப்பும் ஒரு கிழவரின் கேள்வியும் தேவைப்பட்டன.

ஆசிரியரிடம் சென்று என் வேடத்தை மாற்றித் தரும்படி வேண்டினேன். நிறுவனத்தின் அறிக்கையை வேறொரு மாணவர் படித்தார். நான் ஊர்க்காரனாக எழுந்து, பாட்டாவின் மூன்று கேள்விகளையும் அவர் தமிழிலேயே கேட்டேன். வகுப்பில் இரண்டொருவர் சிரிக்கத்தான் செய்தார்கள். இம்முறை நான் உட்காரவில்லை. மாவட்ட ஆட்சியராக வீற்றிருந்த தலைசேரி நண்பன், "இவர் சொன்னதை யாராவது மலையாளத்தில் சொல்லுங்கள்; குறிப்பேட்டில் தமிழிலும் எழுதுங்கள்" என்றான். அவனுக்குத் தமிழ் தெரியாது, கேட்கத் தெரிந்திருந்தது.

நண்பர்களே! மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையை எழுதுவதும் மின் விளக்கின் கீழேதான். எனக்கு மலையாளத்தின்மீது பகையும் இல்லை. அது என் இரண்டாம் தாய். நான் வேண்டுவது ஒன்றே. நாம் படித்த பிள்ளைகள். ஊரில் எந்தத் திட்டத்துக்கு அறிவிப்பு வந்தாலும் அதை வாங்கிப் படியுங்கள். திண்ணையில் உட்கார்ந்து பெரியவர்களுக்கு அவர்கள் மொழியில் சொல்லுங்கள். அவர்கள் கேட்பதை அவர்கள் சொற்களிலேயே எழுதி அனுப்புங்கள். கூட்டத்தில் அவர்கள் எழுந்து நின்றால் பக்கத்தில் நில்லுங்கள்.

வகுப்பில் நடந்ததைப் பாட்டாவிடம் தொலைபேசியில் சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "தண்ணிக்கு என்ன சொன்னாவ?" என்று கேட்டார்.

"இன்னும் சொல்லவில்லை பாட்டா" என்றேன்.

"அப்போ இன்னொருக்கா கேளு மக்களே" என்றார்.