பசை காயும் நேரம்

நன்றாக உழைக்கிற ஸ்போர்ட்ஸ் ஷூ எது என்று கடையில் கேட்டால் ஏதாவது ஒரு பொருளின் பெயரைச் சொல்வார்கள்: கார்பன் ரப்பர், ஈ.வி.ஏ. நுரை, கிழியாத வலைத்துணி. ஆம்பூரில் சோல் ஒட்டுகிறவர்களிடம் அதையே கேட்டால் நேரக் கணக்கு சொல்கிறார்கள். “பசையைக் காய விட்டாங்களான்னு பாருங்க சார், மத்ததெல்லாம் அப்புறம்” என்றார் ஒட்டும் வரிசையில் நின்ற மூத்த தொழிலாளி ஒருவர். ஜிம்முக்கும் மலைப்பாதைக்கும் தாங்குகிற ஷூவை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை, ஷூ செய்கிற இடத்திலும் பழுது பார்க்கிற இடத்திலும் விசாரிப்பதற்காகவே நான் அங்கே போனேன். இரண்டு இடத்திலும் கேட்டதையும் கண்டதையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு முடிவுக்கு வரலாம். தேய்ந்து ஓய்வதற்கு முன்பே ஷூ பிரிந்துவிடுகிறது. எப்போது பிரியும் என்பதைத் தீர்மானிப்பதில், பொருளின் தரத்துக்கு இருக்கும் பங்கைவிட, ஒட்டுப் போட்டவருக்குக் கிடைத்த அவகாசத்துக்கு இருக்கும் பங்கு பெரிது.

இதைச் சொல்ல ஆம்பூருக்குத் தகுதி உண்டு. பாலாற்றங்கரையில் ராணிப்பேட்டை முதல் வாணியம்பாடி வரை தோல் பதனிடுவது நூறாண்டைக் கடந்த தொழில். பாதி பதனிட்ட தோலை அப்படியே ஏற்றுமதி செய்வதற்கு 1970களில் மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு, தோல் விற்ற ஊர்கள் ஷூவின் மேற்பாகத்தைத் தைக்கத் தொடங்கின. பிறகு முழு ஷூவும் செய்தன. அதற்கு ஆறு கொடுத்த விலை தனிக்கதை. தோல் கழிவு ஆற்றில் கலப்பதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு அந்தக் கதையின் ஓர் அத்தியாயம். ஆம்பூரின் பலம் இன்றும் தோல் ஷூதான். வலைத்துணியும் நுரையும் சேர்ந்த விளையாட்டு ஷூ, செய்யாறு சிப்காட்டில் தைவான் நிறுவனம் ஒன்று நைக்கிக்காக நடத்தும் ஆலையில் உருவாகிறது. ஆனாலும் மேற்பாகத்தையும் சோலையும் பசையால் இணைக்கிற வேலை இரண்டு ஷூவுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அந்த வேலை பசையைத் தொடுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. லாஸ்ட் என்கிற கால் வடிவ அச்சின்மேல் அப்பர் என்கிற மேற்பாகத்தை இழுத்துப் பொருத்தி, அதன் அடி ஓரத்தைச் சுழலும் கம்பிச் சக்கரத்தில் காட்டிச் சுரண்டுகிறார்கள். தோலின் வழவழப்பான மேற்பூச்சு போய் நார் தெரிய வேண்டும். பசை பிடிப்பது அந்த நாரைத்தான். குறைவாகச் சுரண்டினால் பூச்சோடு சேர்ந்து ஒட்டும் உரிந்துவிடும். அதிகம் சுரண்டினால் நார் அறுந்து அப்பரே நைந்துபோகும். சோல் ரப்பராக இருந்தால் அதன் பரப்பையும் சுரண்டி, குளோரின் சேர்ந்த பிரைமர் பூச வேண்டும். ஈ.வி.ஏ. நுரை இன்னும் அடங்காதது. அதற்குத் தனிப் பிரைமர் பூசிப் புற ஊதா விளக்கின் கீழ் அனுப்ப வேண்டும். இவ்வளவுக்கும் பிறகுதான் பாலியூரித்தேன் பசை. பசையை உறிஞ்சும் பரப்பாக இருந்தால் முதல் பூச்சு காய்ந்த பின் இரண்டாவது பூச்சு. கரைப்பான் முழுக்க ஆவியானதும், காய்ந்த பசையை ஏறத்தாழ 60, 70 டிகிரிச் சூட்டில் மறுபடி இளக்குகிறார்கள். அந்த இளக்கம் போவதற்குள் சோலையும் அப்பரையும் பொருத்தி, அழுத்து இயந்திரத்தில் வைத்து, குளிர்பெட்டி வழியே அனுப்பி, கடைசியில் அச்சைக் கழற்றுகிறார்கள். ஒட்டு முழுப் பலம் பெற அதன்பிறகும் ஒன்றிரண்டு நாள் தேவை.

இதில் எந்த இடத்தில் நேரத்தைத் திருடலாம் என்று பாருங்கள். மட்டமான தோலைப் போட்டால் வாங்குகிறவரின் விரல் கண்டுபிடித்துவிடும். தையல் கோணினால் கண்ணுக்குத் தெரியும். பசை காய வேண்டிய நிமிடங்களைப் பாதியாகக் குறைத்தால் மட்டும் யாருக்கும் தெரியாது; கடையில் அந்த ஷூவும் மற்றதைப் போலவே மினுங்கும். பசையில் கலக்கிற ஹார்டனர் சில மணி நேரம்தான் வேலை செய்யும். மீந்ததைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்தால் பசையும் வீண், நேரமும் வீண் என்று நினைக்கிற மேற்பார்வையாளர்கள் உண்டு என்கிறார்கள் தொழிலாளர்கள். கப்பலுக்குச் சரக்கு போக வேண்டிய கடைசி வாரத்தில் மணிக்கு இத்தனை ஜோடி என்ற இலக்கு ஏறும்போது சுரண்டுகிற கையும் அவசரப்படுகிறது. லாஸ்ட்மேல் அப்பரை இழுத்துப் பொருத்தும் இயந்திரத்துக்கு 1883இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற யான் மாட்செலிகர், கைவேலையில் ஒரு நாளில் முடிந்ததைப் போலப் பல மடங்கை முடித்துக் காட்டினார். தைப்பது, வெட்டுவது, இழுப்பது எல்லாம் அப்படி வேகம் பெற்றுவிட்டன. ஆனால் கரைப்பான் ஆவியாவதைச் சூட்டுப் பெட்டி வைத்து ஓரளவு விரட்டலாம், அதற்குமேல் முடியாது. தொழிலாளியின் நுரையீரலுக்குக் கெடுதல் குறைந்த, நீரில் கரைத்த பசைகள் வந்திருக்கின்றன. அவை காய இன்னும் அதிக நேரம் பிடிக்கிறது. ஒட்டு நன்றாக இருக்கவும், ஒட்டுகிறவர் நலமாக இருக்கவும் தேவைப்படுவது ஒரே நிமிடங்கள்தான். பெரிய ஆலைகளில் சில ஜோடிகளை எடுத்து இயந்திரத்தில் சோலைப் பிய்த்துப் பார்க்கிறார்கள். பசை விடாமல் பொருளே கிழிந்தால் ஒட்டு தேறிவிட்டது என்று அர்த்தம். இதைவிட நேர்மையான பரீட்சையை நான் அங்கே பார்க்கவில்லை.

பரீட்சையில் தோற்றவை எல்லாம் கடைசியில் நடைபாதைக்கு வருகின்றன. சென்னையில் குத்தூசி, மெழுகு நூல், பேஸ்ட் டப்பா, மூன்று கால் இரும்புக் கட்டை ஆகியவற்றோடு உட்கார்ந்திருக்கும் செருப்புத் தைக்கிறவர்கள் எந்தப் பரிசோதனைக் கூடமும் பார்க்காத எண்ணிக்கையில் பழுதைப் பார்க்கிறார்கள். அவர்களிடம் எந்தக் கம்பெனி நல்லது என்று கேட்பது வீண். எந்த இடத்தில் போகிறது என்று கேட்க வேண்டும். “வாயைப் பொளந்துட்டுத்தான் சார் வரும், கால் விரல் மடங்குற எடத்துல” என்பதே பொதுவான பதில். காரணம் எளிது. நடையில் ஒவ்வொரு அடிக்கும் முன்பாதத்தில் ஷூ மடிகிறது. மடிகிற சோல் தன் நுனியை அப்பரிலிருந்து பிய்க்கப் பார்க்கிறது. ஜிம்மில் தண்டால், பர்பீ, லஞ்ச் எல்லாம் விரலை மடக்கி நுனியைத் தரையில் அழுத்தித் தேய்க்கிற பயிற்சிகள். மலையில் இறங்கும்போது கால் முன்னே சரிந்து அதே நுனியை உள்ளிருந்து முட்டுகிறது. வெளியிலிருந்து கல் முட்டுகிறது. ஜிம்மும் மலையும் வேறு வேறு ஷூவைக் கேட்கின்றன என்று கடைக்காரர்கள் சொல்வது பாதி உண்மை. இரண்டும் தாக்குவது ஒரே இடத்தைத்தான். அதனால், சோல் ரப்பர் நுனியில் மேலேறி விரல் முனையைப் போர்த்தியிருக்கிறதா, அங்கே ஒரு வரித் தையல் ஓடுகிறதா என்பது, நுரையின் பெயரைவிட முக்கியமான கேள்வி.

இதற்குப் பலமான ஒரு மறுப்பு உண்டு. ஒட்டு எவ்வளவு நாள் தாங்கினால் என்ன, நடுவிலுள்ள நுரை அதற்கு முன்பே செத்துவிடுமே என்பது அது. நுரைக்குள் இருக்கும் காற்றறைகள் அமுங்கி அமுங்கி மீளாமல் போகின்றன. ஓட்ட ஷூவை 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்வதற்கு அதுவே காரணம். 1985இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஓட்ட ஷூக்களை இயந்திரத்தில் ஓடவிட்டுச் சோதித்தபோது, 80 கிலோமீட்டரிலேயே அதிர்ச்சி தாங்கும் திறன் முக்கால் பங்காகக் குறைந்திருந்தது. 400 கிலோமீட்டருக்குப் பிறகு 60 சதவீதத்துக்கும் கீழே போனது. மறுப்பு நியாயமானது, ஆனால் தார்ச்சாலையில் தினமும் ஓடுகிறவருக்கு மட்டும். அதே ஆய்வில் மனிதர்கள் அணிந்து ஓடிய ஷூக்கள் 800 கிலோமீட்டர் கடந்தும் 70 சதவீதத் திறனைத் தக்கவைத்திருந்தன என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பளு தூக்குகிறவருக்கோ மெத்தென்ற நுரை தொல்லை. தட்டையான, அமுங்காத அடிதான் அவருக்கு வேண்டும். கரடுமுரடான பாதையில் ஏறுகிறவரும் சாலை ஓட்டக்காரர் போல ஒரே அடியை ஒரே விதமாக ஆயிரக்கணக்கில் வைப்பதில்லை. இந்த இருவருடைய ஷூவிலும் நுரை சாவதற்குள் நுனி பிளக்கிறது, சுண்டுவிரல் பக்கம் வலைத்துணி கிழிகிறது, குதிகால் உள்துணி நைகிறது. கடைசியாகச் சொன்னது பெரும்பாலும் நம் சோம்பேறித்தனம்: கயிற்றை அவிழ்க்காமல் காலை நுழைத்து நுழைத்துக் கிழிப்பது.

ஒட்டே இல்லாமல் செய்தால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. அச்சுக்குள் அப்பரை வைத்துப் பாலியூரித்தேனை நேரடியாக ஊற்றிச் சோலை வார்க்கும் முறை இருக்கிறது. தொழிற்சாலைப் பாதுகாப்பு ஷூக்கள் பல அப்படி வருபவை. பிரிகிற பேச்சு அங்கே குறைவு, ஆனால் வேறொரு வினை காத்திருக்கிறது. பாலியெஸ்டர் வகைப் பாலியூரித்தேன் காற்றிலுள்ள ஈரத்தால் மெல்லச் சிதையும். போடாமல் பெட்டியிலேயே வைத்திருந்த ஷூவின் சோல் சில ஆண்டுகளில் கையோடு உதிர்வதற்கு இதுவே காரணம், கடலோர ஊர்களில் இன்னும் சீக்கிரம். ஆகவே பாதி விலைக்குக் கிடைக்கிற பழைய சரக்கைப் பார்த்ததும் கை நீட்டாமல், அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் தயாரிப்பு மாதத்தையும் ஆண்டையும் படியுங்கள்.

மலைப்பாதை என்றதும் விற்பனையாளர் ஆழமான பற்கள் கொண்ட சோலைக் காட்டுவார். அதன் பரம்பரை பெரியது. 1935இல் ஆல்ப்ஸ் மலையில் ஆறு பேர் இறந்த விபத்துக்குப் பின், இத்தாலிய மலையேறி விட்டாலே பிரமானி உருவாக்கிய பல் வைத்த ரப்பர் சோலிலிருந்து வந்த வம்சம் அது. பனியிலும் சேற்றிலும் அது உயிரைக் காக்கும். ஏலகிரியிலும் ஜவ்வாது மலையிலும் வருடத்தின் பெரும்பகுதி காய்ந்த பாறை, சரளைமண், முள். ஏறும் இடம்வரை தார்ச்சாலை. மென்மையான ரப்பரில் ஆழப் பற்கள் இங்கே வீணாகத் தேய்கின்றன. ஜிம் தரையிலோ அந்தப் பற்கள் உடம்பை ஆட வைக்கும். 3, 4 மில்லிமீட்டர் பல், அடி முழுக்க இடைவெளியில்லாத கெட்டி ரப்பர், முள் ஏறாத அளவு தடித்த நடு அடுக்கு இருந்தால் நம் மலைகளுக்குப் போதும். எடையைக் குறைக்க அங்கங்கே ரப்பரை எடுத்துவிட்டு நுரையை வெறுமையாக விட்ட சோல்களைச் சரளைமண் மிச்சம் வைக்காது.

விலை அதிகமென்றால் காய்வதற்கும் அதிக நேரம் கொடுத்திருப்பார்கள் என்று நம்பலாமா? ஓரளவுக்கு. பெரிய பிராண்டுகள் ஒட்டுப் பரிசோதனையைக் கட்டாயமாக்குகின்றன என்பதால் அந்த நம்பிக்கைக்கு அடிப்படை இருக்கிறது. ஆனால் ஒரே பிராண்டின் விலை கூடிய ஷூ, கீழ்விலை ஷூவைவிட நெடுநாள் உழைக்கும் என்று எண்ணக் காரணமில்லை. கூடுதல் பணம் பல சமயம் எடை குறைப்பதற்கும் துள்ளலான நுரைக்கும் போகிறது, அவை இரண்டும் உழைப்புக்கு எதிரானவை. ஐ.எஸ். 15844 என்ற இந்தியத் தரநிலை விளையாட்டு ஷூக்களுக்கு உண்டு. அந்த முத்திரையைத் தேடுவதோடு கையாலும் பார்க்க வேண்டும். முன்பாதத்தில் மடித்து, ஒட்டுக்கோடு மயிரிழை திறக்கிறதா என்று நுனியிலும் இரு பக்கமும் பாருங்கள். கோட்டுக்கு மேலே பசை வழிந்து துடைத்த தடம் இருந்தால் அவசரம் தெரிகிறது. இடது ஷூவும் வலது ஷூவும் அந்தக் கோட்டில் வேறுபட்டால் அதுவும் அவசரம்தான். வாங்கிய பிறகு கோடையில் மூடிய காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். பசையை இளக்க ஆலை பயன்படுத்தும் சூட்டுக்கு அந்தக் கார் வெகுதூரத்தில் இல்லை.

தையலைப் பற்றிக் கடைசி மறுப்பு: தைத்தால் ஓட்டை வழியே தண்ணீர் ஏறும், கனமும் கூடும். உண்மைதான். மழைக்காலத்தில் ஓடையைக் கடந்து போகிறவர் தையலைத் தவிர்க்கலாம். மற்றவர்கள் புது ஷூவையே நடைபாதைக் கடைக்கு எடுத்துப்போய்ச் சுற்றித் தைத்து வாங்கிக்கொள்வதைப் பார்த்தால் கேலி செய்ய வேண்டாம். ஆலையில் திருடப்பட்ட நேரத்தை அவர்கள் இங்கே காசு கொடுத்து மீட்கிறார்கள். எல்லா ஷூவுக்கும் அது முடியாது. சோலின் ரப்பர் விளிம்பு கிண்ணம்போல் மேலேறி அப்பரைப் பிடித்திருந்தால் நூல் ரப்பரில் நிற்கும். விளிம்பே இல்லாமல் வெறும் நுரையாக இருந்தால் நூல் நுரையை அறுத்துக்கொண்டு வந்துவிடும். அப்படிப்பட்டதைத் தைக்க மாட்டேன் என்று மறுத்துத் திருப்பி அனுப்பிய தொழிலாளியையும் பார்த்தேன். கடையில் இரண்டு ஷூக்களுக்கு இடையே முடிவெடுக்க முடியாதபோது, பிளந்தால் இதைத் தைக்க முடியுமா என்று அவரிடம் கேட்பதாக எண்ணிக்கொண்டு, விளிம்பு உள்ளதை எடுங்கள்.