கட்டாருக்குப் போன பிள்ளைகள்

எங்கள் ஊரில் ஓர் இளைஞன் சில மாதங்களாகக் கண்ணில் படவில்லை என்றால், "கட்டாருக்குப் போயிட்டான்" என்பார்கள். பெரும்பாலும் அது உண்மைதான். நாலந்தாவிலும் சுற்றுக் கிராமங்களிலும் வளைகுடா நாடுகளில் உழைத்த பணத்தில் எழுந்த வீடுகள் பல. ஆனால் அண்மைக் காலமாக அந்த வார்த்தைக்கு இன்னொரு பொருளும் வந்து சேர்ந்திருக்கிறது.

என்னிடம் படித்த மாணவன் ஒருவனின் உம்மா ஒரு நாள் மாலை வீட்டுக்கு வந்தார். தந்த தேநீரையும் குடிக்கவில்லை. "சேர், ஆராச்சும் கேட்டா அவன் கட்டாருக்குப் போயீக்கிறான்னே சொல்லுங்க. தங்கச்சிக்குக் கலியாணம் பேசி ஈக்கிது" என்றார். மகன் போயிருந்தது கட்டாருக்கு அல்ல. நீதிமன்ற உத்தரவின் பேரில் தூரத்துப் புனர்வாழ்வு நிலையம் ஒன்றுக்கு.

அவன் சாதாரண தரப் பரீட்சை எழுதிய கையோடு மரக்கறி லொறியில் உதவியாளாகச் சேர்ந்தவன். தம்புள்ளையில் இரவில் மூடை ஏற்றி, விடியுமுன் கொழும்பில் இறக்கி, பகலில் திரும்பும் வேலை. உடம்பு நோவுக்கு ஒருவன் டிரமடோல் குளிசை கொடுத்திருக்கிறான். அது நோவை மட்டுமல்ல, மனக்கவலையையும் போக்கியது. குளிசை போதாமற் போனபோது குடு வந்தது. சிங்களத்தில் தூள் என்று பொருள்படும் அந்தச் சொல், ஹெரோயினுக்கு நாடு முழுவதும் வழங்கும் பெயராகிவிட்டது.

மாதங்கள் கழித்து அவன் வந்தான். கட்டாரிலிருந்து வந்தவனின் கையில் பெட்டி இல்லை. ஊர் சந்தேகப்படுமே என்று மாமா ஒருவர் புறக்கோட்டையில் பேரீச்சம்பழமும் சவர்க்காரமும் வாங்கிவந்து அயல் வீடுகளுக்குப் பங்கிட்டார். அவனோ வீட்டுக்குள்ளேயே கிடந்தான். "தூக்கம் வருதான்னு கேக்க ஒத்தரும் இல்ல சேர். எனக்கு வருத்தமே வரல்லயே, கட்டாருக்குத்தானே போன" என்று ஒரு நாள் என்னிடம் சொல்லிச் சிரித்தான். ஒரு மாதம் ஆகுமுன் மீண்டும் குடுவிடம் போனான். அந்தப் பொய்யைச் சொன்ன தாயை நான் குறை கூறமாட்டேன். அதைச் சொல்ல வைத்தது எது என்பதே என் கேள்வி.

இந்த நோய் நமக்குப் புதிதல்ல. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அறிஞர் அல்பிரூனி, தமது 'கிதாபுஸ் ஸைதனா' என்ற மருந்தியல் நூலில், வெப்பமான நாடுகளில், குறிப்பாக மக்காவில், அபின் உண்ணும் பழக்கம் பற்றி எழுதியிருக்கிறார். வெம்மையையும் கவலையையும் மறக்கச் சிறிதளவில் தொடங்குகிறவர்கள், நாளடைவில் அளவைக் கூட்டி உயிராபத்தான நிலைக்குப் போவதை அவர் விவரிக்கிறார். மக்காவில் இப்படியா என்று மூடி மறைக்காமல், கண்டதை எழுதினார். அந்த மருத்துவ நேர்மை நம் மரபில் இருந்திருக்கிறது.

அபினிலிருந்து எடுக்கும் மோர்பின், புற்றுநோயாளியின் வேதனையைத் தணிக்கும் அருமருந்து. அதிலிருந்து செய்யப்பட்ட ஹெரோயினும் 1898இல் இருமல் மருந்தாகவே சந்தைக்கு வந்தது. தொடர்ந்து எடுக்கும்போது மூளை அதற்குப் பழகி, முன்பு கிடைத்த ஆறுதலுக்கு இன்னும் கூடுதலான அளவு கேட்கும். நிறுத்தினால் மூக்கு ஒழுகும், எலும்பு நோகும், வயிறு கழியும், உறக்கம் போகும். இந்த வேதனை ஒரு வாரமளவில் தணிந்துவிடும். ஆசை மட்டும் மாதக்கணக்கில், சிலரில் வருடக்கணக்கில் தங்கிவிடும்.

பெற்றார் பலர் அறியாத ஆபத்து இதற்குப் பிறகுதான். சில மாதங்கள் எடுக்காமல் இருந்தவனின் உடல் பழைய தாங்குசக்தியை இழந்துவிடுகிறது. முன்பு பழகிய அதே அளவை அவன் மீண்டும் எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம். சிறையிலிருந்து வெளிவந்த முதல் இரண்டு வாரங்களிலேயே இத்தகைய மரணங்கள் மிகக் கூடுதலாக நிகழ்வதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதாவது, 'திருந்தி வந்துவிட்டான்' என்று நாம் நிம்மதியாக இருக்கும் நாட்களே அவனுக்கு மிக ஆபத்தான நாட்கள். கட்டாரிலிருந்து வந்ததாகச் சொல்லப்பட்டவனை அந்த நாட்களில் யார் கவனிப்பது?

நமது நாட்டின் சட்டங்களுக்குக் குறைவில்லை. நஞ்சுகள், அபின் மற்றும் அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் 1929ஆம் ஆண்டுக்குரியது. ஹெரோயின் பரவத் தொடங்கிய காலத்தில், 1984இல், தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை உருவானது. அதே ஆண்டின் திருத்தம், 2 கிராமும் அதற்கு மேலும் ஹெரோயின் கடத்துவோருக்கு மரணதண்டனை அல்லது ஆயுட்சிறை என்றது. 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் போதைக்கு அடிமையானோரின் சிகிச்சைக்கும் புனர்வாழ்வுக்குமென்றே வந்தது.

கட்டுப்பாட்டுச் சபை இன்னொரு முக்கிய வேலையையும் செய்கிறது. பொலிஸ், சிறைச்சாலை, சிகிச்சை நிலையங்கள் ஆகியவற்றிடமிருந்து விபரம் திரட்டி ஆண்டுதோறும் வெளியிடுகிறது. 2019ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வு, ஹெரோயின் பாவிப்போர் ஏறத்தாழ 92,500 பேர் என மதிப்பிட்டது. ஆனால் ஓராண்டில் சிகிச்சை பெற்றோராகப் பதிவாவது சில ஆயிரம் பேர் மட்டுமே.

வகுப்பாசிரியன் என்ற முறையில் இந்தக் கணக்கு எனக்கு எளிதில் விளங்குகிறது. வரவுப் பதிவேட்டில் வந்தவனுக்கு ஓர் அடையாளம், வராதவனுக்கு ஓர் அடையாளம். ஏன் வரவில்லை என்பது பதிவேட்டில் இராது. அதை அறிய வீட்டுக்குப் போக வேண்டும். போதைப் புள்ளிவிபரமும் அப்படித்தான். பிடிபட்டவனும் சிகிச்சைக்கு வந்தவனும் அதில் இருப்பார்கள். கட்டாருக்குப் போனதாகச் சொல்லப்படும் இடத்தில் மறைந்திருப்பவனை எந்தக் கண்காணிப்பு முறையும் நேரே கண்டுபிடிக்காது. கணக்கில் வராதவர்களுக்காக வைத்தியரும் நியமிக்கப்பட மாட்டார், கட்டிலும் ஒதுக்கப்பட மாட்டாது. ஆக, நமது வெட்கம் நம் வீட்டுக்குள் மட்டும் நிற்பதில்லை. நாட்டின் சுகாதாரத் திட்டத்தையே அது பிழையாக்குகிறது.

அடைத்து வைத்துத் திருத்தும் வழியின் எல்லையையும் நாடு கண்டுவிட்டது. பொலன்னறுவை மாவட்டத்தின் கந்தக்காடு புனர்வாழ்வு நிலையத்தில் 2022 ஜூன் மாதம் ஒருவர் இறந்ததை அடுத்துக் கலவரம் மூண்டு, நூற்றுக்கணக்கானோர் தப்பி ஓடினர். 2023 டிசம்பரில் தொடங்கிய 'யுக்திய' நடவடிக்கையில் பல்லாயிரக்கணக்கானோர் கைதாகினர். விற்கிறவனைப் பிடிக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை. ஆனால் விற்கிறவனும் நோயாளியும் ஒரே வண்டியில் ஏற்றப்படும்போது, நோயாளியின் உம்மா இன்னும் உள்ளே ஒளிந்துகொள்கிறார்.

வேறு வழியும் இருக்கிறது. 1965இல் அமெரிக்காவில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் என்ற இரு வைத்தியர்கள், மெதடோன் என்ற மருந்தை அளவாகக் கொடுத்து ஹெரோயின் நோயாளிகளை நிலைப்படுத்தலாம் என்று காட்டினார்கள். 2005இல் உலக சுகாதார நிறுவனம் அதையும் புப்ரநோர்பினையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஈரானில் இலட்சக்கணக்கானோர் இத்தகைய சிகிச்சையைப் பெற்றிருக்கிறார்கள். மலேசியா 2005இல் தொடங்கியது. பின்னர் கோலாலம்பூரின் அர்ரஹ்மான் பள்ளிவாசலிலேயே மலாயாப் பல்கலைக்கழக வைத்தியர்களின் துணையோடு மெதடோன் கொடுக்கும் திட்டம் வந்தது. தொழுகையும் மருந்தும் ஒரே முற்றத்தில்.

இதைச் சொன்னபோது எங்கள் ஜமாஅத்தில் ஒரு பெரியவர், "ஒரு போதைக்குப் பதிலா இன்னொரு போதையா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. சரியான அளவில் வைத்தியர் கண்முன் குடிக்கும் அந்த மருந்து மயக்கத்தைத் தேடித் தருவதில்லை. வேதனையையும் வெறியையும் அடக்கி, அவனை வேலைக்கும் குடும்பத்துக்கும் திருப்பி அனுப்புகிறது. பலவிடங்களில் அது மரணத்தைக் குறைத்திருக்கிறது. நமது நாட்டில் சிகிச்சை என்றால் பெரும்பாலும் உடலிலிருந்து போதையை இறக்குவதும், ஆலோசனையும், தங்கியிருந்து பெறும் புனர்வாழ்வுமாகவே இருக்கிறது. மலேசியாவின் பள்ளிவாசல் முற்றம் நமக்கும் உரியது என்று வைத்தியர்களும் உலமாக்களும் ஒன்றாக அமர்ந்து பேசலாம்.

அதுவரை நாம் செய்யக்கூடியது சிறியதுதான். ஒருவர் வைத்தியசாலையில் இருந்தால், கையில் தோடம்பழமும் மாப்பெட்டியுமாகப் பார்க்கப் போவது எங்கள் ஊர் வழக்கம். நோயாளியை நலம் விசாரிப்பது நமக்குக் கடமையாகச் சொல்லித்தரப்பட்டது. எந்த நோயாளி என்று அங்கே பிரித்துச் சொல்லப்படவில்லை.

கடந்த நோன்பில் எங்கள் பள்ளிவாசல் இமாம் தராவீஹுக்குப் பிறகு கேட்ட துஆவில், நீரிழிவு, புற்றுநோய் என்று வரிசையாகச் சொல்லி, போதை நோயால் அவதிப்படும் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார். கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற தொலைபேசி இலக்கத்தையும் அறிவித்தார். சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால் அந்த வாரத்துக்குள் இரண்டு வாப்பாமார் தனித்தனியாக இமாமிடம் வந்து, அந்த இலக்கத்தைத் துண்டுக் கடதாசியில் எழுதித் தரும்படி கேட்டு வாங்கிப் போயிருக்கிறார்கள்.