நேர்த்தண்டும் ஆறு தந்திகளும்

மடியிலோ ஒரு தாங்கியிலோ மல்லாந்த நிலையில் கிடத்தி, வலக்கை விரல்களால் மீட்டி, இடக்கையில் பிடித்த எஃகுத் தண்டைத் தந்திகளின் மேல் வழுக்கி வாசிக்கப்படும் கருவியே ஸ்டீல் கிட்டார். அதன் பெயரிலுள்ள எஃகு, கருவியின் உடலையோ தந்தியையோ குறிக்காமல் அந்தத் தண்டையே குறிக்கிறது. கோட்டு வாத்தியத்தைக் கேட்டுப் பழகிய தமிழ்ச் செவிக்கு இந்த முறை அந்நியமானதன்று. மெட்டில் விரலை அழுத்தாமல், உருளை ஒன்றைத் தந்தி மேல் நகர்த்திச் சுரத்திலிருந்து சுரத்துக்கு இழைந்து செல்லும் உத்தி இரண்டுக்கும் பொதுவானது. ஆனால் கோட்டு வாத்தியம் இராகத்தின் ஒற்றை இழையைப் பின்தொடர, ஸ்டீல் கிட்டார் அந்த இழையோடு, பல சுரங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்தொலிக்கும் ‘கார்டு’ என்னும் கூட்டொலியையும் நாடுகிறது. தந்திகளை எந்தச் சுரங்களில் கூட்டுவது, அதற்கு எந்தக் கனத்தில் தந்தி பூட்டுவது என்று புதிதாகக் கற்பவர் முதல் நாளிலேயே சந்திக்கும் கேள்வி, இந்த நாட்டத்திலிருந்துதான் பிறக்கிறது.

சாதாரணக் கிட்டாரில் இடக்கையின் நான்கு விரல்களும் நான்கு வெவ்வேறு மெட்டுகளில் அமர முடியும் என்பதால், வேண்டிய கூட்டொலியை விரல்களே கட்டிக்கொள்ளும். ஸ்டீல் கிட்டாரின் தண்டோ நேரானது. அது எங்கு வைக்கப்பட்டாலும் எல்லாத் தந்திகளையும் ஒரே கோட்டில்தான் தொடும். தண்டைச் சாய்த்துப் பிடித்துச் சில இடைவெளிகளை மாற்றலாம் என்றாலும், அது கைதேர்ந்தபின் வரும் வித்தை. ஆகவே திறந்த தந்திகளுக்கிடையே எந்த உறவு இருக்கிறதோ அதே உறவுதான் கழுத்தின் எல்லா இடங்களிலும் தொடரும். இங்கே சுருதியமைப்பு வாசிப்பதற்கு முன் செய்யும் ஆயத்தமாக நின்றுவிடாமல், அந்தக் கருவி எதைச் சொல்ல வல்லது, எதைச் சொல்ல மாட்டாது என்பதை முன்கூட்டியே வரையறுத்துவிடுகிறது.

இந்த மரபின் தொட்டில் ஹவாய்த் தீவுகள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மெக்சிகோவிலிருந்து வந்த மாடு மேய்ப்பவர்கள் கொண்டுவந்த கிட்டாரை ஹவாய் மக்கள் தம் பாடலுக்கு ஏற்பத் தந்திகளைத் தளர்த்திக் கூட்டிக்கொண்டனர்; ‘தளர்ந்த சுருதி’ என்று பொருள்படும் பெயர் கொண்ட அந்த வழக்கமே, தந்திகளைத் திறந்த நிலையில் மீட்டினால் ஒரு முழுக் கூட்டொலி கிடைக்கும்படியான அமைப்புகளைத் தந்தது. 1874இல் ஓவாஹு தீவின் லாயியே ஊரில் பிறந்த ஜோசப் கெக்குக்கு, ஹொனலூலுவில் மாணவராக இருந்த 1889ஆம் ஆண்டளவில், உலோகப் பொருளொன்றைத் தந்திகள் மேல் வழுக்கி வாசிக்கும் முறையை உருவாக்கியவர் என்று பரவலாகக் கருதப்படுகிறார். தந்திகள் ஏற்கெனவே ஒரு கூட்டொலியாகக் கூட்டப்பட்டிருந்த ஊரில்தான் ஒற்றைத் தண்டு ஒரு முழுமையான கருவியாக ஆக முடிந்தது என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

பழைய ஹவாய் முறையின் எளிய அமைப்பு, தாழ்ந்த தந்தியிலிருந்து டி, ஜி, டி, ஜி, பி, டி என்று அமையும் ‘ஓப்பன் ஜி’; ஜியை ஆதார ஷட்ஜமாகக் கொண்டால் இது ப, ச, ப, ச, க, ப என்று ஒலிக்கும். டோப்ரோ என்னும் அதிர்வுத் தட்டுக் கிட்டாரில் வழங்கும் இதன் உறவினமான ‘உயர் கீழ்த்தந்தி ஜி’யில் வரிசை ச, க, ப, ச, க, ப என்று ஆகும். இரண்டும் தெளிவும் கம்பீரமும் உடையவை. தண்டை வைத்த இடமெல்லாம் மேஜர் எனப்படும் மலர்ந்த கூட்டொலி கிடைக்கும். ஆயினும் மைனர் எனப்படும் ஏக்கம் கலந்த கூட்டொலி அவற்றில் இயல்பாகக் கிடைப்பதில்லை. இக்குறையை அழகாகத் தீர்ப்பது ‘ஸி ஸிக்ஸ்த்’ என்னும் அமைப்பு: ஸி, ஈ, ஜி, ஏ, ஸி, ஈ. ஸியை ஷட்ஜமாகக் கொண்டால் இது ச, க, ப, த, ச, க. மோகனத்தில் ரிஷபத்தை மட்டும் விலக்கிவிட்டால் எஞ்சும் சுரங்கள். இதன் கீழ் மூன்று தந்திகள் ஸி மேஜரையும் மேல் மூன்று தந்திகள் ஏ மைனரையும் தருவதால், மகிழ்ச்சியும் ஏக்கமும் ஒரே கழுத்தில் அண்டை வீட்டாராக வாழ்கின்றன. ஒஹாயோவில் பிறந்து பின்னாளில் ஹவாயில் குடியேறிய ஜெர்ரி பேர்டு இந்த அமைப்பைத் தம் இனிய குரலாகவே ஆக்கிக்கொண்டவர். புதிதாகக் கற்பவருக்கு இது பரிந்துரைக்கப்படுவதற்கு அந்த மரபும் ஒரு காரணம்.

சுருதியமைப்பு முடிவான பின்பே தந்தியின் கனத்தைப் பற்றிப் பேச முடியும். வரிசையை மாற்றி, கையில் கிடைத்த தந்திகளைப் பூட்டிவிட்டுச் சுருதியைத் தேடுவது பலர் செய்யும் பிழை. ஒரு தந்தியின் இழுவிசை அதன் அதிர்வெண்ணின் இருமடியைப் பொறுத்து வளர்வதால், ஒரு முழுச்சுரம் உயர்த்தினால் இழுவிசை 26 சதவீதமும், மூன்று அரைச்சுரங்கள் உயர்த்தினால் 41 சதவீதமும் கூடும். ஓப்பன் ஜிக்குச் சாதாரணக் கிட்டாரின் மூன்று தந்திகளைத் தளர்த்தினாலே போதும் என்பதால் பழைய தந்திகளே பயன்படும். உயர் கீழ்த்தந்தி ஜியிலோ ஆறாம் தந்தி மூன்று அரைச்சுரங்களும் ஐந்தாம் தந்தி ஒரு முழுச்சுரமும் ஏறுவதால், அதைத் தடித்த சதுரக் கழுத்துள்ள கருவியே தாங்கும். உருண்டைக் கழுத்து வளைந்துவிடக்கூடும். ஸி ஸிக்ஸ்த் அமைப்பில் ஆறாம் தந்தி எட்டு அரைச்சுரங்கள் ஏற வேண்டியிருப்பதால், சாதாரணத் தந்தியைக் கொண்டு அதை எட்ட முயன்றால் இழுவிசை இரண்டரை மடங்காகிவிடும். ஆகையால் அதற்கெனத் தனித்தொகுதி வேண்டும், 22.5 அங்குல நீளத்தில் தந்தி அதிரும் மடிக் கிட்டாருக்கு, மேல் ஈ தந்தி ஏறத்தாழ அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கும், கீழ் ஸி தந்தி ஏறத்தாழ 36 பங்கும் கனம் கொண்டிருப்பது வழக்கம்.

மெல்லிய தந்தியைப் போட்டால் அறுபடாமல் அதிக உயரத்துக்கு ஏற்றலாம் என்ற நம்பிக்கையும் திருத்தப்பட வேண்டியது. தந்தி தடிக்கும் அளவுக்கு அதன் வலிமையும் கூடுகிறது, அதை ஏற்றத் தேவையான இழுவிசையும் கூடுகிறது; இரண்டும் ஏறத்தாழச் சமன்படுவதால், வெற்று எஃகுத் தந்தி எந்தச் சுரத்தில் அறும் என்பதைப் பெரும்பாலும் அதன் நீளமே தீர்மானிக்கிறது. கனம் தீர்மானிப்பது கைக்குக் கிடைக்கும் உணர்வை: மிக மெல்லிய தந்தி தண்டின் எடைக்குக் கீழே அமிழ்ந்து சுரம் பிசகும், தண்டு மெட்டில் தட்டும் ஓசையும் எழும், ஒன்று இறுக்கமாகவும் ஒன்று தொய்வாகவும் இருந்தால் தண்டு சீராக அமராது. எனவே எல்லாத் தந்திகளும் ஏறத்தாழ ஒத்த இறுக்கத்தில் இருப்பதே நல்ல தொகுதிக்கு இலக்கணம். மின்கருவியில் காந்த பிக்கப் தந்தியின் இரும்புத்தன்மையைக் கொண்டே ஒலியை உணர்வதால், வெண்கலம் சுற்றிய தந்தி அதற்கு ஏற்றதன்று. நிக்கல் சுற்று மென்மையும், துருப்பிடிக்காத எஃகுச் சுற்று பளிச்சென்ற ஒலியும் நீண்ட ஆயுளும் தரும்.

தந்திகள் பூட்டப்பட்ட பின் எஞ்சுவது செவியின் வேலை. மின்சுருதிமானியின் முள் காட்டும் இடத்தில் காந்தாரத்தை நிறுத்தினால், கூட்டொலியில் ஒரு மெல்லிய துடிப்பு கேட்கும். அதை அரைச்சுர இடைவெளியில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு தாழ்த்தினால் துடிப்பு அடங்கிக் கூட்டொலி ஒன்றாகக் கலக்கும். தம்புராவின் மந்தர ஷட்ஜத்திலிருந்து தானே எழும் சுயம்பு காந்தாரத்தைக் கேட்டறிந்தவர்களுக்கு இந்த இடம் புதிதன்று. மெட்டுக்குக் கட்டுப்படாத கருவியில் இந்த நுண்மையைக் கழுத்து முழுவதும் காக்க முடியும். சிறிது நேரம் செலவிட்டுப் பிருடையைத் திருகி அந்த அமைதியைக் கண்டடைவது தொடக்க நாள்களிலேயே பழகத் தக்க ஒழுக்கம்.

ஒற்றைச் சுருதியமைப்பின் எல்லையை மீறும் ஆசையும் இக்கருவியின் வரலாற்றில் ஆழமாக ஓடுகிறது. 1950களில் ஒரே கருவியில் இரண்டு முதல் நான்கு கழுத்துகள் பொருத்தி, ஒவ்வொன்றிலும் வேறு சுருதி கூட்டினர். 1954இல் வெளிவந்த, பாடகர் வெப் பியர்ஸின் ‘ஸ்லோலி’ பாடலில் பட் ஐசக்ஸ், தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே கால்மிதியை அழுத்திச் சுரத்தை உயர்த்திய ஓசை, பெடல் ஸ்டீல் என்னும் புதிய கருவிக்கு வழி திறந்தது. அதன் ‘ஈ நைன்த்’ அமைப்பில் இரண்டு மிதிகளை அழுத்தினால் பியும் ஜி ஷார்ப்பும் உயர்ந்து, ச, க, ப என்ற கூட்டொலி, தண்டு அசையாமலே ச, ம, த ஆகிவிடும். அங்கே அடிக்கடி அறுவது மூன்றாம் தந்தி. 24 அங்குல நீளத்தில் ஜி ஷார்ப்பே எஃகின் எல்லைக்கு அருகில் இருக்க, மிதி அதை மேலும் ஏ வரை இழுக்கிறது.

இக்கழுத்துகளும் மிதிகளும் தம் சுருதியின் எல்லையைக் கைகளால் தொட்டறிந்தவர்களின் தேவையிலிருந்து பிறந்தவை. புதிதாகக் கற்பவருக்கோ அந்த எல்லை இன்னும் தெரியாது. வாரத்துக்கொரு சுருதியை மாற்றுபவரின் கை எந்த இடைவெளியையும் தன்னுடையதாக ஆக்கிக்கொள்ளாது. தாம் விரும்பும் இசைக்கு ஏற்ற ஒன்றைத் தேர்ந்து, அதற்குரிய தந்திகளைப் பூட்டி, ஓராண்டேனும் அதிலேயே தங்குபவருக்கு, ஒரு நாள் ஒரு பாடலின் நடுவில் ஒரு சுரம் தண்டுக்கு எட்டாமல் நிற்கும். இரண்டாம் சுருதியைத் தேட அதுவே போதிய காரணம். எதைத் தேட வேண்டும் என்பதையும் எட்டாத அந்தச் சுரமே சொல்லிவிடும்.