பாங்காக்கில் எங்கள் முதல் நாள்



பாங்காக் என்றதும் உங்கள் பிள்ளைகளுக்கு என்ன நினைவு வரும்? துணிக்கடையும் சாப்பாடும்தான். தோட்டத்துப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஒரே சொல்தான் சொல்வார்கள்: சயாம். 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் பர்மாவுக்குப் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்கு நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேரைக் கொண்டுபோனார்கள். என் துணைவியின் தாத்தாவுக்கு மூத்தவர் ஒருவரும் அதில் போனார். திரும்பி வரவில்லை. பள்ளி விடுமுறையில் நாங்கள் இருவரும் பாங்காக் போகிறோம் என்றதும் என் மாமியார், "ஊரு உலகத்துல வேற எடமே இல்லையா?" என்று கேட்டதில் வியப்பில்லை.

பாடாங் பெசாரில் மாலையில் ரயில் ஏறினால் மறுநாள் காலை பாங்காக். கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பிக்கொள்ளுங்கள். எனக்கு நல்ல தூக்கம். துணைவியோ ஜன்னலோரமே இருந்தாள். காலையில் பான் போங் என்ற நிலையத்தைக் கடந்தபோது, மரண ரயிலுக்குப் போனவர்கள் இங்கேதான் இறக்கப்பட்டார்கள் என்று சொன்னேன். "அப்போ இதே தண்டவாளந்தானுங்களா?" என்றாள். அதன்பின் நகரம் வரும்வரை பேச்சில்லை. இப்படி ஒரு மனத்தோடு ஊர் சுற்றிப் பார்க்க முடியுமா என்று எனக்கே கவலையாகிவிட்டது.

பாங்காக் பெரிய இரைச்சல். தலைக்கு மேலே ஒரு ரயில், காலுக்குக் கீழே ஒரு ரயில், நடுவில் மோட்டார் சைக்கிள்களும் துக்துக் வண்டிகளும். நிலத்தடி ரயிலில் சாம் யோட் நிலையத்தில் இறங்கிச் சற்று நடந்தோம். சாலை நடுவே சிவப்பு வண்ணத்தில் வானுயர இரண்டு தூண்கள். பெரிய ஊஞ்சல் என்கிறார்கள். முதலாம் ராமா மன்னர் காலத்தில், 1784இல் அமைத்தது. இப்போது நிற்பவை 2007இல் மாற்றிய தேக்கு மரங்கள். ஆட்கள் ஊஞ்சலில் நின்று உயர உயர ஆடி, உச்சியில் தொங்கும் காசு முடிப்பை வாயால் கவ்வ வேண்டுமாம்! அந்த ஆட்டம் 1935இல் நின்றுபோயிற்று.

ஆனால் அந்தத் திருவிழாவின் பெயரைக் கேளுங்கள்: திரியம்பவாய். ஆம், மார்கழிக் குளிரில் நம் பிள்ளைகள் கோயிலில் பாடும் அதே திருவெம்பாவைதான். ஊஞ்சலுக்குப் பக்கத்திலேயே பிராமணர் கோயில் இருக்கிறது. மாணிக்கவாசகர் பாட்டை அங்குள்ள பூசகர்கள் பொருள் மறந்துபோன பின்னும் தலைமுறை தலைமுறையாக ஓதி வருகிறார்கள். வகுப்பில் எத்தனையோ முறை திருவெம்பாவை நடத்தியிருக்கிறேன். அந்த வாசலில் நின்றபோது உடம்பு சிலிர்த்தது.

"ரயில் போடுறதுக்கு முன்னாலேயே தமிழு இங்க வந்திருச்சுங்களா?" என்றாள் துணைவி. காலையிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு.

அரண்மனையில் ஆளுக்கு 500 பாட் கேட்டார்கள். "வெளிய இருந்தே அழகாத்தானே இருக்கு," என்று சொல்லிவிட்டாள். குடும்பம் நடத்துகிறவள் சொல்லும்போது வாத்தியார் என்ன மறுத்துப் பேசுவது! அடுத்திருந்த வாட் போவுக்குப் போனோம். 46 மீட்டர் நீளத்தில் பொன்னிறப் புத்தர் படுத்திருக்கிறார். பின்பக்கச் சுவரோரம் வரிசையாக 108 கிண்ணங்கள். சில்லறை மாற்றிக்கொண்டு ஒவ்வொன்றிலும் ஒரு காசு போட வேண்டும். அவள் அம்மா பால் வெட்டியவர். "மரத்துக்கு மரம் மங்கு வச்ச மாதிரி இல்ல?" என்று சிரித்தாள். டிங், டிங் என்று ஒரு நிரை முடிகிறமாதிரி 108ஐயும் முடித்துவிட்டுத்தான் வந்தாள்.

படகேறி அக்கரையில் வாட் அருணைப் பார்த்தோம். சூரியனின் தேரோட்டி அருணன் பெயர்தான். வெயில் பொறுக்காமல் அதிக நேரம் நிற்கவில்லை.

மாலையில் சீலோம் சாலையில் மகா மாரியம்மன் கோயில். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் இங்கு வந்த தமிழர் கட்டியது. இன்று கும்பிடுகிறவர்களில் தாய்லாந்துக்காரர்களே அதிகம். துணைவி சாமந்தி மாலை வாங்கிக்கொண்டு, பெரிய தாத்தா பெயருக்கு அர்ச்சனை செய்யச் சொன்னாள்.

"நட்சத்திரம்?" என்றார் குருக்கள்.

அவள் என்னைப் பார்த்தாள். "தெரியாதுங்க சாமி. செத்த தேதியும் தெரியாது. வீட்டுல திதி கொடுத்ததே இல்ல."

குருக்கள் வேறொன்றும் கேட்கவில்லை. பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு மந்திரம் சொன்னார். பின்னால் தாமரை மொட்டோடு காத்திருந்த தாய்லாந்துப் பெண்கள், தீபாராதனை முடியும்வரை எங்களோடு சேர்ந்து கைகூப்பி நின்றார்கள்.

வெளியே வந்ததும், "பசிக்குதுங்க," என்றாள். நடைபாதைக் கடையில் புலுட் அரிசிச் சோறும் மாம்பழமும் தேங்காய்ப்பால் ஊற்றிக் கொடுத்தார்கள். ஒரு தட்டு போதும் என்று வாங்கி, பிறகு இன்னொன்றும் வாங்கினோம். சீக்கிரமே படுத்துவிட்டோம். மறுநாள் காலை தொன்புரி நிலையத்தில் காஞ்சனாபுரி ரயில்.